கையை முன்னுக்கு வை, சுபா

என் சுபாவுக்கு,

நீ கேட்டுக்கொண்டே போன கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மா உயிரோடு இருக்கிறா. தங்கச்சியும் இருக்கிறா. வவுனியாவில் ஒரு முகாமில், ஒரு கூடாரத்துக்குள், இன்னும் எட்டுப் பேரோடு. அம்மாவின் தோளில் ஒரு காயம், ஆறிவிட்டதாம். மாசி மாதம் முழுக்க "ஒரு சொல்லுத் தெரிஞ்சால் காணும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். அந்தச் சொல் வந்துவிட்டது. நீ போய் மூன்று மாதம் கழித்து வந்திருக்கிறது.

சண்டை முடிந்துவிட்டது. அன்று காலையும் வேலைக்குப் போனேன். பக்கத்து மேசை டேனிஷ்காரன் செய்தியில் பார்த்திருக்கிறான். "முடிஞ்சுதாமே. அது நல்லதா?" என்று மெதுவாகக் கேட்டான். காற்றாலை இறக்கை ஒன்றின் வரைபடம் என் திரையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ என்ன சொல்லியிருப்பாய்?

அம்மா முதல்முறை போன் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். யாரோ ஒருவரின் போன். பின்னால் சனத்தின் சத்தம்.

"தம்பி, நான் மாமி. சுபாவிட்டைக் குடுங்கோ."

ஐந்து மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல், சுபா. என் நாக்கு தானாக எழும்பியது.

"அவ வேலைக்குப் போட்டா, மாமி."

"ஞாயிற்றுக்கிழமையுமோ?"

"வயசுபோன ஆக்களைப் பார்க்கிற இடமெல்லோ. ஞாயிறும் வேலைதான்."

"சரி, சரி. நாங்கள் இருக்கிறம் எண்டு அவளுக்குச் சொல்லிவிடுங்கோ."

சொல்லச் சொன்னதை இப்போது சொல்லிவிட்டேன். மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை மடித்து மேசை லாச்சிக்குள் வைக்கப் போவதில்லை. டென்மார்க்கில் பிராண்டேயிலும் ரண்டர்ஸிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் வாசிக்கிற பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அவர்களுக்கும் தெரியவேண்டும்: நீ எங்கள் வாசல்படியில் வழுக்கி விழவில்லை.

நீ விழுந்தது சுவீடனில் ஒரு பனிமலையில். விளையாடும்போது.

அந்தக் குட்டைப் பலகைகளை முதல்முதல் பழைய சாமான் சந்தையில் நீதான் கண்டாய். ஒரு மீற்றர்கூட வராத இரண்டு பலகை. முன்னும் பின்னும் மேலே வளைந்தவை. "சின்னப்பிள்ளையளின்ரை ஸ்கீயோ?" என்று கேட்டாய். விற்ற பெண் சிரித்துவிட்டு, இதற்கு ஸ்கீபோர்ட் என்று பெயர், கையில் தடி தேவையில்லை என்றாள். தடி இல்லை என்றதும் உனக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் ஒரு சோடி வேறிடத்தில் தேடி எடுத்தோம். சப்பாத்தைப் பலகையோடு பிடிக்கிற பூட்டு, ஆள் விழும்போது ஸ்கீயில் போல இதில் கழன்றுவிடாது. அது எனக்குத் தெரியும். பலகை குட்டைதானே, காலைத் திருகும் விசை குறைவுதானே என்று நானே கணக்குப் போட்டு, நானே சரி சொன்னேன்.

டென்மார்க்கில் மலை எங்கே இருக்கிறது? வரவேற்பறைக் கம்பளத்தில்தான் பழகினோம். நான் புத்தகம் பார்த்துச் சொல்ல, நீ இரவுச்சட்டையோடு அந்தப் பெரிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பலகையில் ஏறி நிற்பாய்.

"கால் ரண்டையும் இடுப்பளவுக்கு அகட்டு. முழங்காலை மடி. முன்னுக்கு விழாதே, பின்னுக்குச் சாயாதே. பாரம் பாதத்தின்ரை நடுவிலை."

"அப்ப நான் என்ன தராசே?"

உன் தோளிலிருந்து ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது பாதத்தின் நடுவுக்கு நேரே வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். "என்னப்பா இது! என்னைச் சுவர் எண்டு நினைச்சியளோ? கட்டி முடிச்சுப் பெயின்ரும் அடிக்கப் போறியளோ?" என்று நீ சிரித்த சிரிப்பில் நட்டு ஆடிக்கொண்டே இருந்தது. அளக்க முடியவில்லை.

ஆனால் நான் அளக்க ஒன்றும் இருக்கவில்லை. நீ ஏற்கெனவே சரியாகத்தான் நின்றாய். முதியோர் இல்லத்தில் கிழவிமாரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவதற்கு உனக்குப் பழக்கித் தந்திருந்தார்களே. முழங்கால் மடிய, முதுகு நிமிர, பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மெதுவாகக் கொண்டுபோவது. "இது எங்கடை கிழவியளை எழுப்பிற மாதிரித்தானே," என்றாய். நான் புத்தகத்தை மூடினேன்.

மலைக்குப் போகும் பயணம் இலையுதிர் காலத்திலேயே ஒழுங்கானது. உன் வேலைத்தோழி ஒருத்தி தன் குடிசையைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் தை மாதம் வந்தது. வன்னியில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் போன் நின்றுபோனது. நாங்கள் போவதா விடுவதா என்று மூன்று நாள் கதைக்காமல் இருந்தோம். நாலாம் நாள் நீ சொன்னாய்: "நாங்கள் போகாட்டில் அங்கை ஷெல் விழாமல் விடப்போகுதோ? எனக்கு ஒரு நாலு நாள் மூச்சு விடவேணும். ஒருத்தருக்கும் சொல்லாமல் போட்டு வருவம்."

எனக்கு வேலை விஷயமாக ஒரு பயிற்சி, நீயும் கூட வருகிறாய் என்று ஊரெல்லாம் சொன்னோம். அது முதல் பொய்.

சுபா, நீ மூன்றாம் நாள் ஓடிய ஓட்டத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். சும்மா சறுக்கிப் போகிறவர்கள் பலகையின் பின்பக்கத்தை வெளியே தள்ளித் திரும்புவார்கள். பனி சுரண்டுப்படும், வேகம் குறையும், தடம் பாணில் பட்டர் பூசியதுபோல அகலமாக இருக்கும். நான் அப்படித்தான். நீ தள்ளவில்லை. கணுக்காலையும் முழங்காலையும் ஒரு பக்கம் சரித்தாய். பலகை இரண்டும் ஒரே நேரத்தில் விளிம்பில் ஏறின. வெளிக்கால் நீண்டது, உள்கால் மடிந்தது. இடுப்பு வளைவுக்குள் சரிந்தது, தோள் மட்டும் சரியவில்லை. கை இரண்டும் முன்னால், சாப்பாட்டுத் தட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போவதுபோல. மிச்சத்தை விளிம்பே பார்த்துக்கொண்டது. வேலையில் நாங்கள் காற்றாலை இறக்கையின் கோணத்தை ஒரு பாகை மாற்றிவிட்டு, காற்று என்ன செய்கிறது என்று காத்திருப்போம். நீயும் அப்படித்தான், கோணத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்றாய்.

லிஃப்டில் மேலே போகும்போது உன் தடத்தைக் காட்டினாய். மெல்லிய இரண்டு கோடு, வளைந்து வளைந்து, கீழே வரைக்கும் எங்கும் அழியாமல்.

"பாருங்கோப்பா, தையல் போட்ட மாதிரிக் கிடக்கு."

"என்ரை எங்கை?"

"அதிலை, பாருங்கோ. ஆரோ சாக்கு மூட்டை இழுத்துக்கொண்டு போன மாதிரி."

அன்று நீ சிரித்தது அவ்வளவுதான். ஆனால் சிரித்தாய்.

போனை ஜாக்கெட்டின் உள்பையில் வைத்திருந்தாய், சத்தத்தை ஆக உயர்த்தி. குடிசையில் வைத்துவிட்டு வா என்றேன். "அம்மா எடுத்தால்?" என்றாய். அந்தக் கேள்வி பையில் இருக்கத்தான் நீ மூன்று நாளும் ஓடினாய்.

பின்னேரம், கடைசி ஓட்டம். நான் கீழே நின்றேன். நீ பாதி வழியில், இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாய். வலக்கை ஜாக்கெட்டுக்குள் போவதைக் கண்டேன். கை பின்னால் போக, தோளும் திரும்பியது. தோள் திரும்ப, பாரம் குதிக்காலுக்குப் போனது. நீண்ட ஸ்கீ என்றால் பின்னால் இன்னும் ஒரு முழம் பலகை இருக்கும், தாங்கும். குட்டைப் பலகையில் குதிக்காலுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

"கையை முன்னுக்கு வை, சுபா!"

நான் கத்தினேன். எட்டியிருக்காது. பலகை உன்னை விட்டு முன்னே போனது, விளிம்பு பனியில் கடித்தது, பூட்டு கழலவில்லை.

நான் ஓடி வந்தபோது நீ மல்லாந்து கிடந்தாய். முகம் வெள்ளையாக இருந்தது. போன் காதில் இருந்தது. எடுத்தது அம்மா இல்லை. எங்கள் ஆள் ஒருவர். சண்டையை நிறுத்தச் சொல்லிச் சனிக்கிழமை கொப்பன்ஹேகனில் நடக்கும் போராட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் எங்களுக்கு இடம் வைக்கவா என்று கேட்க எடுத்தவர். அவர் பெயரை எழுதமாட்டேன். அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை.

நீ பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய்: "ஓம் அண்ணை. ரண்டு இடம் வையுங்கோ."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "கால் முறிஞ்சுபோச்செண்டு நினைக்கிறன். ஆருக்கும் சொல்லாதேங்கோ."

மலையடிவாரத்து மருத்துவர் காலுக்குக் கட்டுப் போட்டார். இரண்டு நாள் படுத்திருந்துவிட்டுப் போங்கள், போனால் மணிக்கு ஒருதரம் நிறுத்தி இறங்கி அசையுங்கள் என்றார். அது வியாழக்கிழமை. நீ ஒரேபிடியாக நின்றாய். "சனி விடிய பஸ்ஸடியிலை நான் நிக்கவேணும். அங்கை சனம் சாகுது, இவள் பனியிலை சறுக்கி விளையாடப் போனவள் எண்டு ஒரு சொல்லு வந்தால், நான் பிறகு ஆரின்ரை முகத்தைப் பார்க்கிறது?" வெள்ளி விடிய வெளிக்கிட்டோம். பின்சீட்டில் காலை நீட்டி வைத்தேன். நிறுத்தவா என்று கேட்டபோதெல்லாம், "ஓடுங்கோ, கப்பல் போயிடும்" என்றாய். நான் ஓடினேன்.

டென்மார்க்குக்குக் கடல் கடக்கும் கப்பலில் உன்னைச் சக்கரக் கதிரையில் மேலே கொண்டுபோனேன். கொஞ்சம் நடத்தலாம் என்று பார்த்தால், ஒரு குடும்பம் வந்து எங்களுக்கு நேரே இருந்தது. எங்கள் நிறம். அந்தப் பெண் பொட்டு வைத்திருந்தா. "தமிழாக்கள். திரும்பிப் பாராதேங்கோ," என்றாய். மூன்று மணித்தியாலம் மூலையில், சுவரைப் பார்த்தபடி, ஆடாமல் அசையாமல் இருந்தோம். இறங்கும்போது அவர்களுக்குப் பக்கத்தால் போனேன். அவர்கள் கதைத்தது தமிழே இல்லை.

அதை உனக்குச் சொல்லவில்லை. காரில் சொன்னால் சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ நித்திரையாகிவிட்டாய்.

சனிக்கிழமை ஊன்றுகோலோடு பஸ்ஸடியில் நின்றாய். எல்லோரும் கேட்டார்கள். "எங்கடை வாசல்படி ஐஸிலை," என்றாய். நான் தலையாட்டினேன். ஒரு அக்கா, "உன்னை ஆர் இந்தக் காலோடை வரச் சொன்னது, விசரி," என்று ஏசி, தன் சால்வையை உனக்குச் சுற்றிவிட்டா. கொப்பன்ஹேகனில் உனக்கு மட்டும் ஒரு கதிரை கிடைத்தது.

மூன்றாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கேத்திலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது, "மூச்சு எடுக்கேலாமல் கிடக்கப்பா," என்றாய். பிறகு நடந்ததை உனக்குச் சொல்லத் தேவையில்லை. காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். முறிவா, கட்டா, நீண்ட பயணமா, எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். காரணத்தைப் பிரித்துச் சொல்வதுதான் என் தொழில், சுபா. ஒரு இறக்கை வெடித்தால் எந்த இடத்தில், எதனால் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். இதை எழுதப் போனால் எல்லாக் கோடும் கப்பலின் அந்த மூலைக் கதிரைக்கே வருகிறது.

உன் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் ரண்டர்ஸ் கணேஷ் அண்ணை என்னைத் தோளில் தட்டினார். "தம்பி, நீர் ஒண்டும் கதைக்கவேண்டாம். ஐஸ் உருகப் படிக்கு உப்புப் போடாமல் ஒரு பிள்ளையைச் சாகக் குடுத்தவங்களை நான் விடமாட்டன். குடியிருப்பு நிர்வாகத்துக்கு டெனிஷிலை ரண்டு பக்கம் எழுதிப்போட்டன்." எனக்கு முன்னால் வாழையிலை இருந்தது. நான் குனிந்து சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து ஹென்னிங் வந்தார். தெரியும்தானே, எங்கள் குடியிருப்பைப் பராமரிக்கிற ஹென்னிங், உனக்குக் காலை வணக்கத்துக்கு "கு மோர்ன்" சொல்லச் சொல்லிக் கொடுத்தவர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் குசினியில் இருந்தார். "நான் ஆறு மணிக்கு உப்புப் போடத் தொடங்குவேன். மற்றப் பக்கத்திலிருந்து. உங்கள் படி கடைசி," என்றார். பிறகு கேட்டார்: "அவள் எத்தனை மணிக்கு விழுந்தாள்?"

நான் ஒரு நேரம் சொன்னேன், சுபா. ஆறே முக்கால் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. கேட்டால் எண் சொல்லிப் பழகிய வாய்.

அவர் கண்ணை மூடினார். "அப்போது நான் நாலாவது கட்டிடத்தில் நின்றிருப்பேன்."

அடுத்த கிழமை படியோடு ஒரு கைபிடிக் கம்பி முளைத்திருந்தது. இரும்பு, நல்ல ஒட்டு, கையுறையோடு பிடிக்கிற அளவு. சித்திரை வெயிலில் தன் கையால் போட்டிருக்கிறார். நீ விழாத படிக்கு, உனக்காகப் போட்ட கம்பி. நான் ஒவ்வொரு நாளும் அதைப் பிடிக்காமல் ஏறி இறங்கினேன்.

இரண்டாம் ஞாயிறு அம்மா எடுத்தா. நீ குளிக்கிறாய் என்றேன். "அவள் வருமட்டும் நிக்கட்டோ?" என்று கேட்டா. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட, வைத்துவிட்டா. அந்தப் போனுக்காக அம்மா எவ்வளவு நேரம் நின்றிருப்பா? குளித்துக்கொண்டிருக்கிற ஒருத்திக்காக.

திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. ஹென்னிங் புல் வெட்டிக்கொண்டிருந்தார். போய் நின்று எல்லாம் சொன்னேன். மலை, பலகை, ஆறே முக்கால். அவர் மெஷினை நிறுத்தினார்.

"படியில் இல்லையா?"

"இல்லை."

"நான் இரண்டு மாதமாக ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. தெரியுமா உனக்கு?"

"கம்பியைக் கழற்றிவிடுங்கோ," என்றேன். வேறு என்ன சொல்வது?

"கீழ்வீட்டுக் கிழவி இப்போது அதைப் பிடித்துத்தான் ஏறுகிறாள். அது இருக்கும்." மெஷினைத் திரும்ப இழுத்து ஓடவிட்டார். அன்றிலிருந்து எனக்குக் "கு மோர்ன்" சொல்வதில்லை. சொல்லவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. நிர்வாகத்துக்கு நானே எழுதிப் போட்டுவிட்டேன். கணேஷ் அண்ணை இதை வாசிக்கும்போது, ஒரு வசவும் மிச்சம் வைக்காமல் என்னை ஏசட்டும்.

மூன்றாம் ஞாயிறு, போன் அடித்ததும், அம்மா கேட்க முதல் சொன்னேன். "மாமி, சுபா இல்லை. பங்குனியிலை செத்துப்போனா."

யாரோ பின்னால், "கெதியா, கெதியா," என்றார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பவும் ஒரு பொய் வந்துவிடும் என்று பயம். மலையைச் சொன்னேன். கால் முறிந்ததைச் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் அம்மா கேட்டா: "அது என்ன விளையாட்டு?"

நான் சொல்லத் தொடங்கினேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது அதுதான். "காலை அகட்டி நிக்கவேணும், மாமி. முழங்காலை மடிக்கவேணும். பாரம் பாதத்தின்ரை நடுவிலை. பலகையை விளிம்பிலை சரிச்சால் அது தானா வளைஞ்சு போகும். கை எப்பவும் முன்னுக்கு இருக்கவேணும்."

"பின்னுக்கு எடுத்தால்?"

"விழுத்திப்போடும்."

"அவள் எடுத்தவளோ?"

"ஓம்."

"ஏன் எடுத்தவள்?"

இந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் போதும், சுபா. வாய்க்குள் வந்தும் விட்டது.

"போன் அடிச்சது, மாமி."

"நான் எண்டு நினைச்சிருப்பாள்."

"ஓம்."

"நாங்கள் அப்ப பங்கருக்கை, தம்பி. போனே இல்லை."

பிறகு, "வடிவா ஓடினவளோ?" என்று கேட்டா. தையல் போட்ட மாதிரி என்று நீ சொன்னதைச் சொன்னேன். என் தடம் சாக்கு மூட்டை இழுத்த மாதிரி என்று சொன்னதையும் சொன்னேன். அங்கே ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா மற்றதா என்று எனக்கு விளங்கவில்லை.

"வைக்கிறன் தம்பி. ஆக்கள் நிக்கினம். வாற ஞாயிறும் எடுப்பன். நீங்கள் நில்லுங்கோ. அவளைப் பற்றி இன்னும் சொல்லவேணும்."

நிற்பேன், சுபா. ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் குசினி மேசையில் இருப்பேன். கேட்பதற்கெல்லாம் உள்ளதை மட்டும் சொல்வேன். கப்பலில் இருந்தது தமிழாட்கள் இல்லை என்பதையும் ஒருநாள் சொல்வேன். போன் மேசையில், எனக்கு நேர் முன்னால் இருக்கும். அடித்தால் எடுப்பதற்குக் கையைப் பின்னுக்குக் கொண்டுபோகத் தேவையில்லை.

இன்னும் உன் அம்மாவுக்கு மருமகனாக இருக்கிற,
உன் கணவன்
பிராண்டே